மார்ஜினில் எழுதலாம்

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு பெண் கேட்டிருக்கிறார். குரூப் 4 தேர்வுக்கும், வாய்த்தால் குரூப் 2 தேர்வுக்கும் தயாராகிறார். காலையில் கரும்பு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும் பஸ்ஸைப் பிடித்துக் கடலூர் மாவட்ட மைய நூலகத்துக்கு வந்து, மாலை வரை படித்துவிட்டுத் திரும்புகிறார். அண்ணன் ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பயிற்சி வகுப்பிலிருந்து பாடமெல்லாம் பி.டி.எஃப் ஆக வந்து குவிகிறது. “கையால் எழுதினால்தான் மனதில் நிற்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மூளையை ஆராய்ந்து நிரூபித்தே விட்டார்களாம். டேப்லெட்டை அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிடட்டுமா? அக்கா மகன் ஒன்றாம் வகுப்பு, அவனும் திரையில்தான் அ, ஆ பழகுகிறான். அதையும் நிறுத்தச் சொல்லவா?” என்பது கேள்வி.

திருப்பிக் கொடுக்க வேண்டாம் அம்மா. அண்ணன் மனம் நோகும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். அந்த ‘நிரூபித்துவிட்டார்கள்’ என்பதில் பாதிதான் நம் காதுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. மீதியையும் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.

இந்தப் பேச்சு வேகம் பிடித்தது 2014ஆம் ஆண்டில். பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் கல்லூரி மாணவர்களுக்குச் சில உரைகளைத் திரையில் காட்டினார்கள். சிலர் லேப்டாப்பில் குறிப்பெடுத்தார்கள், சிலர் பேனாவால். கொஞ்ச நேரம் வேறு வேலை கொடுத்துவிட்டுப் பிறகு கேள்வி கேட்டார்கள். பெயர், ஆண்டு போன்ற நேரடிக் கேள்விகளில் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். இதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு, இது ஏன் இப்படி என்று யோசித்துச் சொல்ல வேண்டிய கேள்விகளில் பேனா பிடித்தவர்கள் முந்தினார்கள். நோட்டைப் பிரித்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. தட்டச்சு செய்தவர்கள் நிறைய எழுதியிருந்தார்கள், ஆனால் பேச்சாளர் வாயிலிருந்து வந்ததை அப்படியே இறக்கியிருந்தார்கள். பேனாவுக்கு அந்த ஓட்டம் கிடையாது. எதை விடுவது, எதைச் சுருக்குவது என்று அந்த நொடியிலேயே முடிவு செய்தாக வேண்டும். அப்படி முடிவு செய்வதற்குப் பாடம் கொஞ்சமாவது புரிந்திருக்க வேண்டும். அடுத்த சோதனையில் லேப்டாப்காரர்களிடம், “அப்படியே எழுதாதீர்கள், உங்கள் சொற்களில் எழுதுங்கள்” என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்தார்கள். காது கேட்டது, விரல் கேட்கவில்லை.

இதுவரை உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லியிருக்க மாட்டார்கள். 2019இல் கெண்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தினர் இதே சோதனையைத் திரும்பச் செய்தபோது பேனாவின் வெற்றி நிலையாகக் கிடைக்கவில்லை. குறிப்பே எடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு கேட்டவர்கள்கூடப் பெரிதாகப் பின்தங்கிவிடவில்லை. 2021இல் இன்னொரு குழு செய்தது. லேப்டாப்காரர்கள் அப்படியே எழுதினார்கள் என்பது மறுபடியும் தெரிந்தது, மதிப்பெண்ணில் மட்டும் வேறுபாடு இல்லை. 2024இல் இருபத்து நான்கு ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிப் பார்த்த கட்டுரை, எழுதி, பிறகு அதைத் திருப்பிப் பார்ப்பவர்களுக்குக் கையெழுத்தில் ஒரு நன்மை இருக்கிறது என்றது. இருக்கிறது, ஆனால் சிறியது. பேனாவை வாங்கிக் கொடுத்தால் ரேங்க் வந்துவிடும் என்கிற அளவுக்கு இல்லை.

மூளை விஷயமும் இப்படித்தான். நார்வேயில் 2024இல் வந்த ஆய்வைத்தான் உங்களிடம் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். முப்பத்தாறு மாணவர்களின் தலையில் 256 மின்முனைகள் கொண்ட வலையை மாட்டி, சொற்களை எழுதவும் தட்டவும் சொன்னார்கள். எழுதும்போது மூளையின் பகுதிகளுக்கிடையே தொடர்பு கூடுதலாகத் தெரிந்தது. நல்ல ஆய்வுதான். ஆனால் மூன்று செய்திகள் வழியில் உதிர்ந்துவிட்டன. தட்டச்சு செய்தவர்கள் வலக்கை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும் தட்டினார்கள். எத்தனை சொல் நினைவில் நின்றது என்று அதில் யாரும் சோதிக்கவில்லை. எழுதியவர்கள் எழுதியதும் காகிதத்தில் இல்லை, தொடுதிரையில், மின்பேனாவால். அதாவது, ‘கையெழுத்தே சிறந்தது’ என்று ஊரெல்லாம் பரவிய ஆய்வில் ஒரு தாள்கூட இல்லை. உங்கள் டேப்லெட்டுக்கு ஒரு மின்பேனா இருந்தால் நீங்களும் கையால் எழுதுகிறவர்தான்.

இனி நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் தாவரவியல் நடத்தியவள் நான். ஓய்வு பெற்ற பிறகு திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு மாடியில் போட்டித் தேர்வுப் பிள்ளைகள் மாலையில் சிலர் வந்து உட்காருகிறார்கள். அமெரிக்கப் பேனா ஜெயித்த காரணத்தை மறுபடி பாருங்கள்: பேச்சாளர் வேகமாகப் பேசினார், கையால் பிடிக்க முடியவில்லை, அதனால் மனம் வேலை செய்தது. நம் வகுப்பில் என்ன நடக்கிறது? “எழுதிக்கொள்ளுங்கள்” என்று ஆசிரியர் தொடங்குவார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, அடுத்த பத்தி என்று கையின் வேகத்துக்கு வாயை இறக்கி நோட்ஸ் கொடுப்பார். கடைசி பெஞ்சிலிருந்து “மிஸ், அதற்கு அப்புறம் மிஸ்?” என்று குரல் வரும். நின்று கடைசி மூன்று சொற்களைத் திரும்பச் சொல்வோம். நானும் அப்படித்தான் கொடுத்தேன், அதுவும் பல ஆண்டுகள். பாடத்திட்டம் முடிய வேண்டும், தலைமையாசிரியர் நோட்டைப் பார்ப்பார், பெற்றோர் பக்கங்களை எண்ணுவார்கள். அறுபது பேனாக்கள் ஒரே வாக்கியத்தை ஒரே நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தன. லேப்டாப்பின் குறை எதுவோ அதை நாங்கள் பேனாவுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டோம். ஆகவே, “நாங்கள் எல்லாம் கையால் எழுதித்தான் படித்தோம், அதனால்தான் நினைவிருக்கிறது” என்று யாராவது சொன்னால் நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் கேட்பேன்.

ரெக்கார்டு நோட்டு என்று ஒன்று உண்டே, நீங்களும் எழுதியிருப்பீர்கள். இடப்பக்கம் கோடில்லாத தாளில் பென்சில் படம், வலப்பக்கம் பேனா எழுத்து. ஒரு வருடம் இருவிதையிலைத் தாவரத் தண்டின் குறுக்குவெட்டு. ஒரு பெண் நோட்டை நீட்டினாள். அச்சுப் போல் படம். புள்ளி புள்ளியாக நிழல், அளவுகோல் வைத்து இழுத்த பெயர்க் கோடுகள். கையெழுத்துப் போடப் போனவள் நின்றேன். ‘சைலம்’ என்று எழுதியிருந்த கோட்டின் நுனி புளோயத்தின் மேல் உட்கார்ந்திருந்தது; தண்ணீர் கடத்தும் திசுவின் பெயர் உணவு கடத்தும் திசுவுக்கு. சைலம் எது என்று கேட்டேன். கோடு காட்டிய இடத்தையே காட்டினாள். அடுத்த நோட்டிலும் அதே கோடு, அதே இடம். நாலாவது நோட்டிலும். முந்தைய ஆண்டு அக்கா ஒருத்தியின் நோட்டைப் பார்த்து எழுதியது என்று பிறகு சொன்னார்கள். அந்த அக்கா யார் நோட்டைப் பார்த்தாளோ. மேசை மேல் மைக்ரோஸ்கோப், அதில் தண்டின் சீவல் செக்கச்செவேல் என்று சாயம் ஏறிக் காத்திருந்தது. பார்த்து வரைந்தவர்கள் மூன்று பேர்.

‘எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்பார்கள். ஓலையில் எழுதிய காலத்திலும் இதே கதைதான். புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. அங்குள்ள சைவச் சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தது. சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிக்கிறவர்கள் பிழையை வைத்துத்தான் வம்சாவளி கண்டுபிடிப்பார்கள்: ஒரே பிழை இரண்டு ஏட்டில் இருந்தால், ஒன்று மற்றதைப் பார்த்து எழுதியது, அல்லது இரண்டுக்கும் மூல ஏடு ஒன்று. என் வகுப்பிலும் அந்தச் சைலம் கோட்டை வைத்து நான்கு தலைமுறை போயிருக்கலாம். ஓலையில் எழுத்தாணியால் கீறுவதைவிட மெதுவான கையெழுத்து வேறு என்ன இருக்க முடியும்? மனம் அங்கே இல்லை என்றால் மெதுவாக எழுதியும் பயனில்லை.

ஆக, என் கட்சி இது. நினைவில் நிற்கச் செய்வது பேனா இல்லை, குறிப்பெடுக்கும்போது நீங்கள் விட்டுவிடுகிற சொற்கள். ஒவ்வொன்றையும் விடும்போது ஒரு சின்ன முடிவு எடுக்கிறீர்கள். பேனா அந்த முடிவை எடுக்க நெருக்குகிறது, அதனால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் மதிப்பெண். நெருக்குதல் இல்லாமலே அதைச் செய்யத் தெரிந்தவர் எதில் எழுதினாலும் ஒன்றுதான்.

சும்மா சொன்னால் புரியாது, ஒன்றைச் செய்து பார்ப்போம். நம் ஊர்க் கோட்டையையே எடுத்துக்கொள்ளலாம். உங்கள் பி.டி.எஃப் இப்படிச் சொல்லும்: “கடலூர் தேவனாம்பட்டினத்தில் அமைந்துள்ள புனித டேவிட் கோட்டையை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1690ஆம் ஆண்டில் மராத்தியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு விழும் தொலைவு வரையுள்ள கிராமங்களும் விற்பனையில் அடங்கும். 1746ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைக் கைப்பற்றியதைத் தொடர்ந்து தென்னிந்தியாவில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இக்கோட்டை விளங்கியது. 1752ஆம் ஆண்டில் தலைமையிடம் மீண்டும் சென்னைக்கு மாற்றப்பட்டது. 1758ஆம் ஆண்டில் லாலி தலைமையிலான பிரெஞ்சுப் படை இக்கோட்டையைக் கைப்பற்றியது.”

இதை அப்படியே நோட்டில் எழுதினால் அரைப் பக்கம், பத்து நிமிடம், நல்ல கையெழுத்து, மனதில் ஒன்றும் இல்லை. டேப்லெட்டில் மஞ்சள் பூசினால் ஒரு நிமிடம், மனதில் அதே அளவு. நான் என்ன செய்வேன் என்றால், பத்தியை ஒரு முறை படிப்பேன், திரையைக் கவிழ்த்து வைப்பேன், பிறகு எழுதுவேன்: “1690 மராத்தியரிடம் விலைக்கு. குண்டு விழும் வரை கம்பெனிக்கு. 1746 சென்னை பறிபோனது, தலைமை இங்கே. 1752 திரும்பிப் போனது. 1758 லாலி.” இவ்வளவுதான். ‘விளங்கியது’, ‘அடங்கும்’, ‘தொடர்ந்து’ எல்லாம் போய்விட்டன. போனதற்குப் பதிலாக ஒன்று வந்திருக்கிறது. சென்னை போனதால்தான் கடலூருக்குத் தலைமை வந்தது என்ற காரணத்தொடர்பு பி.டி.எஃபில் ஒரு வினையெச்சத்துக்குள் ஒளிந்திருந்தது. இங்கே அது ஒரு காற்புள்ளியின் இரண்டு பக்கமும் நிற்கிறது. திரையைக் கவிழ்த்தது முக்கியம். பார்த்துக்கொண்டே எழுதினால் கை வேலை செய்யும், பார்க்காமல் எழுதினால் தலை வேலை செய்யும்.

அடுத்து, மார்ஜின். நம் நோட்டுகளில் இடப்பக்கம் சிவப்புக் கோடு ஒன்று இருக்கிறது. “மார்ஜினில் எழுதாதே” என்று எத்தனை குழந்தைகளின் காதைத் திருகியிருக்கிறோம்! அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வால்டர் பாக் என்பவர் 1950களில் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறையில் அந்த ஓரந்தான் முக்கியமான இடம். குறிப்பு வலப்பக்கம், அதற்கான கேள்வி இடப்பக்கம். மேலே சொன்ன குறிப்புக்கு நான் மார்ஜினில் எழுதுவது: “கடலூருக்கு ஏன் தலைமை வந்தது?” “குண்டுக் கிராமம் என்றால்?” மறுநாள் நூலகத்தில் உட்கார்ந்ததும் வலப்பக்கத்தை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு, மார்ஜினை மட்டும் பார்த்துப் பதில் சொல்லிப் பாருங்கள். பஸ்ஸிலும் செய்யலாம், உதடு அசைந்தால் பக்கத்து இருக்கைக்காரர் ஏதோ ஜெபம் என்று நினைத்துக்கொள்வார்.

நான் சொல்கிறவற்றிலேயே ஆய்வு ஆதரவு மிகவும் உறுதியாக இருப்பது இதற்குத்தான், பேனாவுக்கு அல்ல. 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். ஒரு குழு அதை மறுபடி படித்தது. மற்றொரு குழு மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் தலைகீழ்: படித்தவர்களுக்கு நினைவிருந்தது 42 விழுக்காடு, மூடி வைத்து நினைவுகூர்ந்தவர்களுக்கு 56. அந்த ஐந்து நிமிட முடிவைக் கவனியுங்கள், அதுதான் நம்மை ஏமாற்றுவது. படித்து முடித்த கையோடு எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். நன்னூலில் மாணாக்கர் கடமைகளைச் சொல்லுமிடத்தில் ‘கேட்டவை நினைத்தல்’ என்று வரும், கொஞ்சம் தள்ளி ‘வினாதல்’, ‘வினாயவை விடுத்தல்’ என்று வரும். தேர்வுக்காக இந்த நூற்பாவை மனப்பாடம் செய்கிற பிள்ளைகள்தான் இதைச் செய்யாமல் விடுகிறார்கள் என்பது எனக்கு ஒரு வேடிக்கை.

காகிதத்துக்கு என்று தனியாக ஒரு நன்மை உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை: இடம். “அந்தப் பதில் நோட்டில் இடப்பக்கம், கீழே, டீ சிந்திய கறைக்கு மேலே” என்று பதிலுக்கு முன்னால் இடம் நினைவுக்கு வருமே, அது. திரையில் எல்லாப் பக்கமும் ஒரே பக்கம், மேலே தள்ளினால் போய்விடும். டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் 2021இல் நாற்பத்தெட்டுப் பேரிடம் ஒரே நிகழ்ச்சி நிரலைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்கள். காகித நாட்குறிப்பில் எழுதியவர்கள் சுமார் 11 நிமிடத்தில் முடித்தார்கள். டேப்லெட்டில் மின்பேனாவால் எழுதியவர்களுக்கு 14, போனில் தட்டியவர்களுக்கு 16. பின்னர் அதைப் பற்றிக் கேட்கும்போது எடுத்த மூளைப் படங்களிலும் காகிதக் குழுவுக்கே கூடுதல் செயல்பாடு. தாளின் மூலை, மடிப்பு, மையின் திட்டு எல்லாம் நினைவுக்குப் பிடிமானம் ஆகின்றன என்பது அவர்கள் விளக்கம். நோட்டை அழகாக வைத்துக்கொள்ளாதீர்கள் என்று பிள்ளைகளிடம் இப்போது சொல்கிறேன். ஆசிரியையாக இருந்தபோது சொன்னதற்கு நேர் எதிர்.

உங்கள் தேர்வில் பேனா கட்டாயம் என்று நான் நினைக்கும் இடம் ஒன்றுண்டு. குரூப் 4 தேர்வில் இருநூறு கேள்விகளில் நூறு தமிழ். ஒலி வேறுபாடறிந்து பொருள் அறிதல் என்று பாடத்திட்டத்திலேயே இருக்கிறது: அரம், அறம், மனம், மணம், வலி, வழி, வளி. போனில் நீங்கள் தமிழை எப்படி அடிக்கிறீர்கள்? என்னிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆங்கில எழுத்துகளை அடித்து, கீழே வரும் சொற்களில் ஒன்றைத் தொடுகிறார்கள். ‘மணம்’ வேண்டுமென்றால் ‘ம’, ‘ண’, ‘ம்’ என்று மனம் பிரிக்க வேண்டியதில்லை. மூன்று சொல் வரிசையாக நிற்கும், கண்ணுக்குப் பழக்கமானதைத் தொட்டுவிட்டுப் போகலாம். தவறாகத் தொட்டாலும் படிக்கிறவருக்குப் புரிந்துவிடும், எனவே யாரும் திருத்துவதில்லை. ஆங்கிலத்தை ஆங்கிலத்தில் தட்டுகிறவருக்கு இந்தச் சிக்கல் கிடையாது, ஆகவே மேலே சொன்ன எந்த ஆய்வும் இதைத் தொடவில்லை. தமிழ்99 விசைப்பலகையில் அடிக்கிறவர்கள் தப்பித்தார்கள். அதில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் வலக்கைப் பக்கம், ண என்றால் ண விசையைத் தேடித்தான் தட்ட வேண்டும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி வந்தது. பழக ஒரு வாரம் பிடிக்கும், பழகிவிடுங்கள். ஆனால் இந்தப் பகுதிக்கு மட்டும் முதலில் பேனா. ஒரு நாளைக்குப் பத்துச் சோடி, ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள். சோடியை மட்டும் எழுதினால் அது இம்போசிஷன். என் மாணவி ஒருத்தி நூறு முறை எழுதச் சொன்ன வாக்கியத்தை முதலில் ‘இனி’ நூறு, அதன் பக்கத்தில் ‘நான்’ நூறு என்று தூண் தூணாக இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு வாங்கி வைத்தேன்.

குரூப் 2 முதன்மைத் தேர்வின் விரித்தெழுதும் தாளுக்குப் போனால் கதையே வேறு. மூன்று மணி நேரம் விடாமல் எழுத வேண்டும். ஆறு மாதம் திரையையே தொட்டுக்கொண்டிருந்த கை ஒரு மணி நேரத்தில் கட்டை விரலுக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். வாரம் ஒரு முறையாவது கடிகாரத்தை வைத்துக்கொண்டு எழுதிப் பழகுங்கள். இது நினைவாற்றல் அல்ல, தசை.

அக்கா மகனைப் பற்றி. பெரியவர்களைவிடக் குழந்தைகள் விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. எழுத்துகளைக் கையால் எழுதிப் பழகிய குழந்தைகள் அவற்றைப் பின்னால் நன்றாக அடையாளம் காண்கிறார்கள் என்று பிரான்சில் மரியேக் லோங்காம்ப் குழுவினர் 2005இல் மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம் பார்த்தார்கள். அந்த நன்மை தெளிவாகத் தெரிந்தது அவர்களில் மூத்த குழந்தைகளிடம். இந்தியானாவில் காரின் ஜேம்ஸ் 2012இல் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளிடம் செய்த மூளை ஆய்வும் அந்தப் பக்கமே. தானாக எழுதிய எழுத்தைப் பார்க்கும்போது படிப்புக்கான மூளைப் பகுதிகள் விழித்தன. தட்டச்சு செய்ததைப் பார்க்கும்போது அப்படி இல்லை, புள்ளிகளை இணைத்து வரைந்ததைப் பார்க்கும்போதும் அப்படி இல்லை. அவன் திரையில் செய்வது எது என்று பாருங்கள். மங்கலாகத் தெரியும் ‘அ’வின் மேல் விரலை ஓட்டினால் நட்சத்திரம் வெடித்துக் கைதட்டும் செயலி என்றால், அது புள்ளி இணைக்கும் வேலைதான். ‘அ’ எங்கே சுழிக்க வேண்டும் என்று அவன் முடிவு செய்யவே இல்லை. வெறுந்தரையில் எழுதும்போது முதல் ‘அ’ நண்டு மாதிரி வரும், இரண்டாவது நத்தை மாதிரி, ஐந்தாவது ‘அ’ மாதிரி. அந்த நண்டும் நத்தையும் வேண்டும். திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி விரலால் எழுத வைத்தார்கள், விஜயதசமியன்று இன்றும் தட்டில் நெல்லையோ அரிசியையோ பரப்பி எழுத வைக்கிறோம். சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போகும்போது ஈர மணலில் எழுதச் சொல்லுங்கள். அலை வந்து அழிக்கும், மறுபடி எழுதுவான், ரப்பர் செலவு மிச்சம்.

டேப்லெட்டுக்கு வருவோம், அதற்கு நிறைய வேலை இருக்கிறது. நடப்பு நிகழ்வுகளைக் கையால் எழுதவே எழுதாதீர்கள். மாதத்துக்கு மாதம் மாறுகிறது; ஒரு பதவிக்குப் புதியவர் வந்தால் நோட்டில் அடித்து அடித்து எழுத வேண்டும், திரையில் ஒரு வரி. பாடநூல்கள், பழைய வினாத்தாள்கள், தேடல் எல்லாம் அதில். மார்ஜின் கேள்விகளை ‘ஆங்கி’ போன்ற அட்டைச் செயலியில் போட்டுவிட்டால், மறக்கிற நேரம் பார்த்து அதுவே கேட்கும், தெரிந்ததைத் தள்ளிப்போடும், தெரியாததை நாளையே கொண்டுவரும். இந்தக் கணக்கை எந்த நோட்டும் போடாது. ஒன்று மட்டும்: கரும்பலகையைப் போட்டோ எடுத்துவிட்டுப் பையை மூடுகிற பழக்கம் வேண்டாம். லிண்டா ஹென்கல் என்பவர் அருங்காட்சியகத்தில் மாணவர்களைச் சுற்ற விட்டு 2014இல் வெளியிட்ட ஆய்வில், போட்டோ எடுத்த பொருள்களை அவர்கள் வெறுமனே பார்த்த பொருள்களைவிடக் குறைவாக நினைவு வைத்திருந்தார்கள். ஒரு பகுதியைப் பெரிதாக்கி எடுத்தபோது அந்த இழப்பு இல்லை. கேமரா வைத்துக்கொள்ளும் என்று மனம் கையைக் கழுவிவிடுகிறது போலும்.

போட்டோ என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குறிப்புக்கு இரண்டு வேலை: எழுதும்போது மனதில் பதிவது ஒன்று, பின்னால் எடுத்துப் பார்ப்பதற்காக இருப்பது மற்றொன்று. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736இல் தொடங்கி இருபத்தைந்து ஆண்டுகள் கைப்பட நாட்குறிப்பு எழுதினார். 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போன நாட்களெல்லாம் அதில் இருக்கின்றன. அவருக்கு எது நினைவில் நின்றதோ நமக்குத் தேவையில்லை. தாள் நின்றது, அதனால் நாம் படிக்கிறோம். எல்லாத் தாளும் அப்படி நிற்பதில்லை. 2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெங்கல் புயல் கரையைக் கடந்து, புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டி, பின்னாலேயே சாத்தனூர் அணைத் தண்ணீரும் தென்பெண்ணையில் வந்து சேர்ந்தபோது, என் தங்கை வீட்டுக் கீழ்த்தளத்தில் டிரங்குப் பெட்டியில் வைத்திருந்த என் பாடக் குறிப்பு நோட்டுகள் முப்பதும் ஊறிவிட்டன. தண்ணீர் வடிந்த பிறகு கொடியில் துணி மாதிரி விரித்துப் போட்டோம். பால்பாயின்ட் எழுத்து ஓரளவு தப்பியது. மைப்பேனாவால் எழுதிய வருடங்கள் எல்லாம் நீல மேகம். பாடம் எனக்கு மறக்கவில்லை, அந்த நோட்டுகள் எழுதும்போதே தங்கள் வேலையை முடித்துவிட்டிருந்தன. ஆனாலும் தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது உங்களுக்கு அது நடந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

ஆகவே பால்பாயின்ட் பேனா. நோட்டு பாலிதீன் உறைக்குள், பரண் மேல். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வாரப் பக்கங்களை டேப்லெட்டில் படம் எடுத்து அண்ணனின் மின்னஞ்சலுக்கு ஒரு படி அனுப்பிவிடுங்கள். பக்கம் திருப்பும் வேலைக்கு அக்கா மகனை உட்கார வையுங்கள். மார்ஜினில் ஏதாவது எழுத்து அவனுக்குத் தெரிந்ததாக இருந்தால் வாய்விட்டுப் படிப்பான்.